விளிம்பு எந்தப் பக்கம்

மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை
தேஜோ ஆற்றங்கரை உணவகத்தில் கூடுவோம்.
விலாங்குக் குழம்பு, சோள ரொட்டி, சிவப்பு ஒயின்.
போன வருடம் இருபத்திரண்டு பேர்.
இந்த வருடம் பதினேழு.
நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டோம்.

விமானிகளுக்கு நினைவில் நிற்பது வானம்:
மேகத்தின் கீழ்வயிறு, முயேதா மேட்டுநிலத்தின் சரிவு,
செம்மண் பாதையில் தங்கள் ஹெலிகாப்டரின் நிழல்
ஆடுகளைச் சிதறடித்துக்கொண்டு ஓடியது.
எனக்கு நினைவிருப்பது அதன் அடிப்பக்கம்.
கசிவு. மண்ணெண்ணெய் வாடை.
மூன்று இறக்கைகளில் ஒன்று
அரை விரல் உயர்ந்து சுழன்றாலும்
உள்ளே உட்கார்ந்தவனின் கடைவாய்ப்பல் சொல்லிவிடும்.
நுனிக்கு ஒரு நிறமாய்ச் சாக்குக்கட்டி பூசி,
சுழலும்போது துணிக்கொடியை மெல்ல அருகே சாய்ப்பேன்.
துணியில் விழும் மூன்று கோடுகளும்
ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை
அவர்கள் பறக்க மாட்டார்கள், நான் சாப்பிட மாட்டேன்.

இருபத்து மூன்று வயது.
என் கையெழுத்தில்லாமல் ஓர் இயந்திரமும்
அங்கே தரையை விட்டு எழும்பியதில்லை.
அப்பா கடைசிவரை கைநாட்டு.

ஒராசியோ வில்யேனா எழுந்து நிற்கிறார்.
வருடாவருடம் சொல்லும் கதை.
எழுபத்தொன்று, அக்டோபர், கொளுத்தும் பகல்.
"புதருக்குள்ளிருந்து ஒரே ஒரு தோட்டா!
தரையைத் துளைத்து வந்தது,
என் இருக்கைக்கு ஒரு சாண் பின்னால்!"
கையை விரித்துக் காட்டுவார்.
வருடத்துக்கு வருடம் சாண் குறுகுகிறது.
கைதட்டுவோம்.
நான் ரொட்டிக் கூடையைப் பக்கத்தவருக்கு நகர்த்துவேன்.

அன்று நான் அதில் போகவில்லை.
வெயிலில் காற்று மெலிந்துவிடும், சுமை தாங்காது.
எடை குறைக்க முதலில் இறக்கிவிடப்படுபவன் மெக்கானிக்.
ரேடியோக்கார அபீலியு வந்து சொன்னான்:
மூன்று சிப்பாய், ஒரு கைதி, திரும்பிக்கொண்டிருக்கிறார்கள்.
தண்ணீர்க் கேன் ஒன்றைக் கூடுதலாக எடுத்துவைத்தேன்.

தரையிறங்கியது.
இறக்கைகள் ஓயும்வரை எவரும் அசையவில்லை.
மூன்று சிப்பாய்கள் இறங்கினார்கள்.
பிறகு ஒராசியோ.
பின்தரையில் கயிறு மட்டும் கிடந்தது, முடிச்சு அவிழாமல்.

'கல் பட்டது என்று எழுது' என்றார் அப்போது.
கல் தோட்டாவானது பத்து வருடம் கழித்து,
இந்த மேசையில்தான்.

அடியில் மல்லாந்து படுத்தேன்.
தகட்டுக்குப் பொய் வராது.
தோட்டா போகிற திசையில்தான் அது இதழ் விரிக்கும்.
கீழிருந்து வந்திருந்தால் உள்ளே விரிந்திருக்க வேண்டும்.
ஆட்காட்டி விரலால் தடவினேன்.
இதழ்கள் என்னைப் பார்த்திருந்தன.
விரல் கிழிந்தது.
குளிர் வந்தால் அந்த இடம் மட்டும் இன்னும் மரத்துப்போகும்.

அரத்தால் ராவினேன்.
அலுமினியத் துண்டு, பதினான்கு ரிவெட், மேலே பச்சைப் பெயின்ட்.
பூசி மெழுகுவது என்று பேச்சுக்குச் சொல்வார்கள்.
எனக்கு அது நாற்பது நிமிட வேலை.
பதிவேட்டில் 'கல்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
நல்ல கையெழுத்து.

அந்தத் தண்ணீர்க் கேனை என்ன செய்தேன்?
யார் குடித்தார்கள், கொட்டிவிட்டேனா?
தூக்கம் வராத இரவில் அதைத்தான் தேடுகிறேன்.

இந்த வருடம் ஒராசியோ பாதியில் நின்றார்.
விரித்த கை மேசைவிரிப்பின் மேல் இறங்கியது.
"டெல்ஃபிம், மிச்சத்தை நீ சொல். அடைத்தவன் நீதானே."
மறதியா, களைப்பா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.
என் பெயர் அவருக்குத் தெரியும் என்றே
நான் நினைத்திருக்கவில்லை.

ரொட்டி என் கையில் இருந்தது.
"விளிம்பு வெளிப்பக்கம் வளைந்திருந்தது" என்றேன்.

விமானிகள் அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தார்கள்.
மேசையின் கடைக்கோடியில்
மெக்கானிக் ஸெஃபெரினோ கரண்டியைக் கீழே வைத்தான்.
பிறகு கஸ்பார்.
பிறகு, இப்போது காது கேளாத அபீலியு,
மற்றவர்கள் வைத்ததைப் பார்த்து.